ஊறுகாய்ப் போத்தலுக்கு மழைக்காலப் பாதுகாப்பு

2003, 2017 ஆகிய ஆண்டுகளின் மே மாதங்களில் களு கங்கை பெருகி இரத்தினபுரியில் பெருவெள்ளம் ஏற்பட்டது. 2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவிலும் புளத்கொஹுப்பிட்டியவிலும் மண் சரிந்தது. இவ்வாறு தோட்டத்தையும் வீட்டையும் விட்டு வந்து, உறவினரின் லயத்துக் காம்பராவில் ஒதுங்கியிருக்கும் குடும்பத்துக்குப் போத்தலில் அடைத்த தேசிக்காயும் மாங்காயும் பெரிய உதவி. மரக்கறி வாங்க வழியில்லாத நாட்களில் ரொட்டிக்கும் சோற்றுக்கும் அதுவே கறி. அதனால் போட்டு வைத்தால் மட்டும் போதாது, அது கெடாமல் காக்கவும் வேண்டும்.

முதலில் பழுதடைவது மூடியே. உப்பும் புளிப்பும் தகர மூடியை அரிக்கும். ஈரக்காற்று வெளியிலிருந்து துருவை வளர்க்கும். துரு ஓட்டை போட்டால் காற்றும் கிருமியும் உள்ளே போகும். ஆகவே பிளாஸ்டிக் மூடியுள்ள போத்தலைத் தெரிவு செய்யுங்கள். போத்தலைத் தரையில் வைக்காமல் பலகைமேல், அடுப்புச் சூடும் வெயிலும் படாத மூலையில் வையுங்கள். எறும்புக்காகப் பலகைக் காலின் கீழ்ச் சிரட்டையில் தண்ணீர் வைப்பவர்கள் அதில் சிறிது சவர்க்காரம் கரைத்து, வாரம் ஒரு முறையாவது ஊற்றிக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் எறும்பைத் தடுத்து டெங்கு நுளம்பை வளர்த்தவர்களாவோம்!

காய் எப்போதும் உப்புச் சாற்றில் அமிழ்ந்திருக்கட்டும். மேலே பூஞ்சணம் பிடித்தால் அதை மட்டும் வழித்தெறிந்துவிட்டு மிச்சத்தை உண்பது நம்மவர் வழக்கம். இது ஆபத்தானது. பூஞ்சணம் புளிப்பைத் தின்று குறைத்துவிடும். புளிப்புக் குறைந்த இடத்தில், காற்றில்லாமல் வளரும் நச்சுக்கிருமி தலையெடுக்கலாம். அந்த நஞ்சுக்கு மணமோ நிறமோ இருக்க வேண்டுமென்பதில்லை. இதே காரணத்தால் அவித்த பலாக்காயையோ போஞ்சியையோ மீனையோ சாதாரணமாகக் கொதிக்க வைத்துப் போத்தலில் அடைத்து மாதக்கணக்கில் வைக்கக் கூடாது. பலாக்காயை வெயிலில் நன்றாகக் காயவைத்து வற்றலாக்குவதே மேல்.

வெள்ளம் புகுந்த வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு கேள்வி எழும். போத்தல் உடையவில்லை, மூடியும் இறுக்கமாக இருக்கிறது, எடுத்துக் கழுவிப் பாவிக்கலாமா? கூடாது. மலகூடக் குழியைக் கலக்கி வந்த தண்ணீர் மூடியின் விளிம்புக்குள் புகுந்திருக்கும். அதை வெளியே கழுவி அகற்ற முடியாது. ஆறு மாத உழைப்பைக் கொட்ட மனம் வராது என்பது தெரியும். ஆயினும் வயிற்றுப்போக்கு வந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பாதை உடைந்த மலையில் ஆஸ்பத்திரிக்கு நடப்பதை எண்ணிப் பாருங்கள். உள்ளே இருப்பதைக் குழி வெட்டிப் புதையுங்கள், மூடியையும் எறிந்துவிடுங்கள். கண்ணாடிப் போத்தலை வீச வேண்டாம். சவர்க்காரம் போட்டுக் கழுவி, பச்சைத் தண்ணீரில் அமிழ்த்தி அடுப்பேற்றி, கொதித்த பின் பத்து நிமிடம் வைத்தெடுத்தால், புது மூடியோடு அடுத்த தேசிக்காய்க்கு உதவும்.