பாம்புக்கு யார் கேட்டது குளியல்?

சங்கரன்கோவிலில் நாகம் நமக்கு அந்நியமன்று. சங்கன், பதுமன் என்னும் நாகர்களின் கதை கோயிலோடு பிணைந்தது; நாகசுனை உண்டு; புற்றுமண் பிரசாதமாக வீடுவரை வருகிறது. வணங்குவதில் பிழையில்லை. வணங்குவதாலேயே பாம்பை அறிந்துவிட்டோம் என்று நினைப்பதுதான் பிழை.

நம்பிக்கை: பாம்பின் உடல் பிசுபிசுப்பானது, அடிக்கடி குளிப்பாட்ட வேண்டும்.
உண்மை: தொட்டுப் பார்த்தவருக்குத் தெரியும், அது உலர்ந்த உடல். செதில்கள் நம் நகத்தைப் போலக் கெரட்டினால் ஆனவை. வியர்வைச் சுரப்பி கிடையாது. அழுக்கேறிய மேல்தோலைச் சட்டையாகவே கழற்றிவிடும். செதிலின் பளபளப்பை ஈரமென்று கண் நம்புவதால் இத்தவறு நீடிக்கிறது. தன் உடலுக்குத் தானே வெப்பம் உண்டாக்க இயலாத உயிரைக் குளிர்ந்த நீரில் முக்கினால் அது சோர்ந்துபோகும். வளர்ப்புப் பாம்புக்கு உடலை நனைத்துக்கொள்ளும் அளவில் ஒரு தண்ணீர்த் தொட்டி போதும். வேண்டும்போது அதுவே இறங்கிக்கொள்ளும்.

நம்பிக்கை: சட்டை உரியாமல் ஒட்டிக்கொண்டால் கையால் உரித்துவிடலாம்.
உண்மை: குளியல் உதவும் அரிய தருணம் இதுதான். வெதுவெதுப்பான நீர், பாம்பின் உடல் பருமனைவிடக் குறைந்த ஆழம், பதினைந்து நிமிடம், பக்கத்தில் ஓர் ஆள். சோப்பு கூடாது. பிறகு ஈரத்துண்டுக்குள் ஊர விட்டால் தோல் தானே கழன்றுவரும். காய்ந்த காகிதம்போல் தொங்கும் தோலைக் கண்டால் கை சும்மா இருப்பதில்லை. பாம்புக்கு இமையில்லை, கண்ணை மூடிய மெல்லிய படலமும் சட்டையோடுதான் உரியும். அதைப் பிடித்து இழுத்தால் கண்ணே பழுதாகும். அங்கே ஒட்டியிருந்தால் கால்நடை மருத்துவரிடம் போவதே முறை.

நம்பிக்கை: பாலபிஷேகம் செய்தால் பாம்பு மகிழ்ந்து குடிக்கும்.
உண்மை: பால் பாம்பின் உணவன்று, அதைச் செரிக்கும் உடலும் அதற்கில்லை. நாட்கணக்கில் தண்ணீர் காட்டாமல் வைத்த பாம்பு எதையும் குடிக்கும். அந்தத் தாகத்தை நாம் பக்தி என்று பார்த்தோம். அதனால்தான் பொய் வாழ்கிறது. பால் நுரையீரலுக்குள் இறங்கினால் உயிரே போகும்.

நம்பிக்கை: பல் பிடுங்கிய நல்லபாம்பை வீட்டில் வைத்துச் சீராட்டலாம்.
உண்மை: நச்சுப்பல் மீண்டும் முளைக்கும். நல்லபாம்பைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022 திருத்தத்துக்குப் பின், பந்து மலைப்பாம்பு போன்ற வெளிநாட்டு இனங்களை வைத்திருப்போரும் பதிவு செய்தாக வேண்டும்.

கறையான் கட்டிய புற்றில் பாம்பு குடியேறுவது ஒதுங்க இடம் தேடித்தான். நம் அபிஷேகத்தை நாடியன்று. அந்த ஒதுக்கிடத்தை நனைக்காமல் விடுவதும் வழிபாடே.