குடல்வாழ் நுண்ணுயிர்கள்

கோயமுத்தூரை அடுத்த போத்தனூர் பழம்பெரும் இருப்புப்பாதைச் சந்திப்பு ஆகும். சென்னையிலிருந்து மேலைக் கடற்கரைக்குச் செல்லும் பாதை 1862-ஆம் ஆண்டில் இவ்வூர் வழியே முற்றுப்பெற்றது. சரக்கு வண்டி நெடுவழி செல்லுங்கால் நிலையந்தோறும் சரக்கு இறங்கிக்கொண்டே வரும். இறங்காது எஞ்சியதே கடைசி நிலையத்தைச் சேரும். நாம் உண்ணும் உணவின் பயணமும் அத்தகையதே. சோறு, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றின் சத்தில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே இறங்கிவிடுகிறது. கம்பு, கொள்ளு, அவரை முதலியவற்றின் நாரும், செரியாது எஞ்சிய மாவுப்பொருளுமே பெருங்குடலைச் சென்று சேர்கின்றன.

அவை வீணாவதில்லை. அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் காத்திருக்கின்றன. அவை அம்மிச்சத்தை நொதிக்கச் செய்து, பியூட்டிரிக் அமிலம் முதலான சிற்றமிலங்களை ஆக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவரில் உள்ள உயிரணுக்களுக்கு முதன்மையான எரிபொருள் இவ்வமிலமே. விருந்தினர் வீட்டாருக்குச் சோறிடும் விந்தை இது!

இவ்வேற்பாடு குலைவதும் உண்டு. பெருங்குடற் புண் அழற்சி என்னும் நோய் கண்டவர்க்குக் குருதியும் சீதமும் கலந்த வயிற்றுப்போக்கு ஆண்டுக்கணக்கில் வந்து வந்து போகும். பள்ளிச் சிறுவரையும் அது விடுவதில்லை. 1980-ஆம் ஆண்டில் ரோடிகர் என்னும் அறுவை மருத்துவர், இந்நோயாளரின் குடற்சுவர் உயிரணுக்கள் பியூட்டிரிக் அமிலத்தைச் சரிவர எரிக்க இயலாதிருப்பதைக் கண்டார். இலையில் சோறு இருந்தும் உண்ண இயலாப் பசி அது. அவ்வமிலத்தை ஆக்கும் நுண்ணுயிர் வகைகளே நோயாளர் பலரிடம் குன்றியிருப்பதைப் பின்வந்த ஆய்வாளர் கண்டனர். அவை குன்றியதால் நோய் வந்ததா, நோய் வந்ததால் அவை குன்றினவா என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. உடலின் காவற்படையே குடலைப் பகையெனக் கருதித் தாக்குவதும் இந்நோயில் உண்டு. ஆதலின் உணவு மட்டும் போதாது, மருந்தும் வேண்டும்.

போத்தனூரிலிருந்து அதே பாதையில் வடகிழக்கே சென்றால் காட்பாடி வரும்; அதனை அடுத்தது வேலூர். அங்குள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர் இராமகிருஷ்ணாவும் அவர்தம் தோழரும் இவ்வறிவைக் காலரா நோய்க்குப் பயன்படுத்தினர். நோயாளர்க்குத் தரும் உப்புச் சர்க்கரை நீரில், லிட்டருக்கு 50 கிராம் வீதம், சிறுகுடலில் எளிதில் செரியாத மக்காச்சோள மாவுப்பொருளைக் கலந்து கொடுத்தனர். நுண்ணுயிர்கள் அதனை அமிலமாக்கின; பெருங்குடல் அவ்வமிலத்தோடு உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொண்டது; பேதி குறைந்தது. இம்முடிவு 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

வடித்து ஆறிய சோற்றிலும் இத்தகைய மாவுப்பொருள் சற்றே மிகும். அதுகொண்டு, பழைய சோறே குடற்புண்ணைத் தீர்க்கும் என்பார் சொல்லை நம்பிவிடலாகாது. புண் ஆறாத நாள்களில் கம்பும் கொள்ளும் வயிற்றை வருத்தவும் கூடும். புண் ஆறிய பின்னரே, நோயாளரின் நிலை கண்டு, நுண்ணுயிர்களின் பங்கையும் சிறிது சிறிதாக இலையில் சேர்க்குமாறு மருத்துவர் கூறுவர்.