மோக்லி: சிரிப்பில் தொடங்கிச் சிந்தனையில் முடியும் கதை

"பொம்மைப் படம்தானே, பார்க்கட்டும்" என்று பிள்ளைகளைத் தொலைக்காட்சி முன் உட்கார வைத்துவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஆனால் எல்லாப் பொம்மைப் படங்களும் சிரிப்போடு நின்றுவிடுவதில்லை. சில கதைகள் பிள்ளையைச் சிரிக்க வைத்தபடியே ஆழமான இடத்துக்கு அழைத்துச் சென்றுவிடும். அப்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. இதற்கு ஏற்ற உதாரணம், நம் வீடுகள் நன்கறிந்த மோக்லி தொடர்.

ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் நிறுவனம் 1989-இல் தொடங்கி 52 பகுதிகளாக இதை வெளியிட்டது. 1993-இல் தூர்தர்ஷன் இதை இந்தியில் ஒளிபரப்பியது. குல்சாரின் பாடலும் விஷால் பரத்வாஜின் இசையும் குழந்தைகளின் வாயில் புகுந்துகொண்டன. ஷேர் கான் என்னும் புலிக்குக் குரல் கொடுத்தவர் நானா படேகர். தொடருக்கு மூலம் ரட்யார்டு கிப்ளிங் 1894, 1895 ஆண்டுகளில் வெளியிட்ட இரண்டு காட்டுக் கதை நூல்கள். அந்த மூலக்கதை எப்படிப் படிப்படியாகக் கனம் பெறுகிறது என்று பார்ப்போம்.

முதல் படி விளையாட்டு. ஓநாய்க் குட்டிகளோடு உருண்டு புரளும் மனிதக் குழந்தை, பாடம் சொல்லும் கரடி பாலூ, தூக்கிக்கொண்டு ஓடும் குரங்குக் கூட்டம் என்று எல்லாம் கும்மாளம்தான்.

இரண்டாம் படியில் ஒரு கேள்வி எழுகிறது. தலைவன் அகேலாவுக்கு வயதாகிறது. இளம் ஓநாய்களை ஷேர் கான் தூண்டிவிடுகிறது. கூடவே வளர்ந்தவனைப் பார்த்து, "இவன் நம்மவன் அல்ல" என்கிறது கூட்டம். நெருப்பைக் கையிலேந்தி எதிரிகளை விரட்டிய மோக்லியின் கண்களில் முதன்முறையாக நீர் வருகிறது. அது என்னவென்று அவனுக்கே தெரியவில்லை. சாகப் போகிறோமோ என்று பயப்படுகிறான். அது கண்ணீர் என்று சொல்லிக் கொடுப்பது கருஞ்சிறுத்தை பகீரா.

மூன்றாம் படியில் துயரம் இரட்டிப்பாகிறது. ஊருக்குப் போனால் ஊர் அவனைச் சூனியக்காரன் என்று கல்லால் அடிக்கிறது. காடும் விலக்கியது, ஊரும் விலக்கியது. பிறகு செந்நாய்க் கூட்டத்தோடு நடக்கும் போரில் அகேலா உயிர்விடுகிறது. சாகும் தறுவாயில், உன் மக்களிடம் போ என்று அவனிடம் சொல்கிறது. கடைசியில் மோக்லி தானே காட்டை விட்டுப் புறப்படுகிறான். குழந்தையாக அவனைக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளப் பகீரா கொடுத்த விலை ஒரு காளை. அவன் விடைபெறும் நாளில் இன்னொரு காளையை வேட்டையாடி, அந்தக் கடன் தீர்ந்தது என்கிறது பகீரா. குரங்குச் சேட்டையில் தொடங்கிய கதை எங்கே வந்து நிற்கிறது, பாருங்கள்!

இந்தக் கதை மும்பைக்கு அந்நியமானதல்ல. கிப்ளிங் பிறந்தது இதே நகரில், 1865 டிசம்பர் 30 அன்று. தந்தை ஜே.ஜே. கலைப்பள்ளியில் சிற்பக்கலை ஆசிரியர். ஆயாவிடமும் வேலைக்காரரிடமும் கதை கேட்டு வளர்ந்த சிறுவனுக்கு இந்துஸ்தானிதான் இயல்பாக வந்தது. பெற்றோர் இருக்கும் அறைக்குள் அனுப்பும்போது, அப்பா அம்மாவிடம் ஆங்கிலத்தில் பேசு என்று நினைவூட்டி அனுப்புவார்களாம். அவரே தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆறு வயது நிரம்புமுன் இங்கிலாந்தில் முன்பின் தெரியாதவர் வீட்டில் விடப்பட்டார். அங்கே பட்ட துன்பத்தை அவர் மறக்கவே இல்லை. பிற்காலத்தில் வெள்ளையர் ஆட்சியைப் போற்றியவர் அவர். அதை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் "நான் எந்தக் கூட்டம்?" என்ற குழந்தையின் தவிப்பை அவர் அறிந்திருந்தார்.

அந்தத் தவிப்பு நம் வீட்டிலும் உண்டு. தாராவியிலோ செம்பூரிலோ வளரும் பிள்ளை தெருவில் இந்தியும் மராத்தியும் பேசுகிறது. வாசல்படி தாண்டியதும், "தமிழில் பேசு" என்கிறோம். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் "பம்பாய்க்காரப் பிள்ளை" என்கிறார்கள். இங்கே "மதராஸி" என்கிறார்கள். 1960-களின் பிற்பகுதியில் தென்னிந்தியருக்கு எதிராக இந்நகரில் எழுந்த கிளர்ச்சியை நம் மூத்தவர்கள் அறிவார்கள். "இவன் நம்மவன் அல்ல" என்ற குரல் கதையில் மட்டும் கேட்பதன்று.

எனவே பெற்றோர்களே, இத்தகைய தொடரைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். பார்த்து முடித்ததும் தமிழில் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

1. மோக்லி ஓநாயா, மனிதனா? ஏன் அப்படி நினைக்கிறாய்?

2. கூட்டம் அவனை விலக்கியபோது அவனுக்குத் துணை நின்றவர் யார்?

3. உன்னை யாராவது "நீ எங்களில் ஒருவன் இல்லை" என்று சொன்னதுண்டா?

மூன்றாவது கேள்விக்கு விடை உடனே வராது. அவசரப்படுத்த வேண்டாம். விடை பாதி இந்தியில் வந்தாலும் குறுக்கே புகுந்து திருத்த வேண்டாம். முதலில் முழுவதும் கேளுங்கள். மனத்திலிருப்பதைச் சொல்ல இடம் கிடைக்கும் வீட்டில்தான் பிள்ளைக்கு அந்த வீட்டு மொழியும் பிடிக்கும்.

பகீரா மோக்லிக்குக் கண்ணீரின் பெயரைச் சொல்லிக் கொடுத்தது. நம் பிள்ளைகளின் தவிப்புக்குத் தமிழில் பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.