மாணவர் ஐ.நா. மாநாடு: பிள்ளைகளோடு பெற்றோரும் படிக்க ஒரு பாடம்

நம் சங்கக் குடும்பங்களின் பிள்ளைகள் ஒன்பதாம், பத்தாம் வகுப்பை எட்டியதும் பள்ளியிலிருந்து ஒரு தாளைக் கொண்டு வருகிறார்கள். 'மாதிரி ஐக்கிய நாடுகள் மாநாடு' என்று தலைப்பு. கீழே ஒரு நாட்டின் பெயர், ஒரு சபையின் பெயர், விவாதப் பொருள், கட்ட வேண்டிய தொகை. கொல்கத்தாப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இது இப்போது பரவலாக நடக்கிறது. சிலர் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும்கூடப் போய்க் கலந்து கொள்கிறார்கள். இதனால் என்ன பயன், இதற்கு எப்படித் தயாராவது என்று கேட்கும் பெற்றோருக்காகவே இக்கட்டுரை.

இது எப்படித் தோன்றியது?

முதல் உலகப் போருக்குப் பின் சர்வதேச சங்கம் ஜெனீவாவில் இயங்கிய 1920-களிலேயே, அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் அதைப் போலவே ஒரு சபை கூட்டிப் பழகினார்கள். 1945 அக்டோபர் 24-இல் ஐக்கிய நாடுகள் சபை நடைமுறைக்கு வந்தபின் மாணவர் சபையும் அந்த வடிவத்தை எடுத்துக் கொண்டது. நெதர்லாந்தின் ஹேக் நகரில் 1968-இல் தொடங்கிய பள்ளி மாணவர் மாநாடு இவற்றுள் புகழ் பெற்றது.

நம் நகரத்துக்கும் இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1948 பிப்ரவரியில் தென்கிழக்கு ஆசிய இளைஞர், மாணவர் மாநாடு கல்கத்தாவில்தான் நடந்தது. அங்கே யாரும் இன்னொரு நாட்டின் வேடம் போடவில்லை. பல நாட்டு இளைஞர்கள் தத்தம் நாட்டின் விடுதலைப் போராட்டத்தைப் பற்றிப் பேச வந்தார்கள். அந்த ஆண்டே பர்மாவிலும் மலேயாவிலும் ஆயுதக் கிளர்ச்சிகள் வெடித்ததால், அதற்கான கட்டளை கல்கத்தா மாநாட்டில்தான் பிறந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலம் வாதிட்டார்கள். மாணவர் கூட்டம்தானே என்று உலகம் அதை ஒதுக்கிவிடவில்லை என்பதை இதிலிருந்து அறியலாம்.

தமிழருக்கும் இத்துறை புதிதன்று. கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் எளிய குடும்பத்தில் பிறந்த வி.எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரியார் 1921-இல் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தில் இந்தியப் பிரதிநிதியாக அமர்ந்தார். சர் ஆற்காடு ராமசாமி முதலியார் 1945 ஜூன் 26-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டார். மறு ஆண்டு ஐ.நா.வின் பொருளாதார, சமூக சபைக்கு அவரே முதல் தலைவரானார்.

சபை நடக்கும் முறை

ஒவ்வொரு மாணவரும் ஒரு நாட்டின் பேராளர். 'நான் நினைக்கிறேன்' என்று பேசக் கூடாது. 'எங்கள் நாடு கருதுகிறது' என்றே பேச வேண்டும். முன்னதாக ஒரு பக்கத்தில் அந்நாட்டின் நிலைப்பாட்டை எழுதிக் கொடுக்க வேண்டும். பெயர் கொடுத்த வரிசையில் ஒன்றிரண்டு நிமிடம் பேசலாம். நடுவில் சபையைச் சிறிது நேரம் ஒத்திவைப்பார்கள். அப்போது எழுந்து போய் மற்றவர்களோடு கலந்து பேசி ஆதரவு திரட்ட வேண்டும். உண்மையான வேலை அப்போதுதான் நடக்கிறது. இறுதியில் தீர்மானம் எழுதி, திருத்தங்களை ஏற்று அல்லது தள்ளி, வாக்கெடுப்பு நடத்துவார்கள்.

வாக்குக் கணக்கைப் பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். பொதுச் சபையில் 193 நாடுகள். பெரிய நாடோ சிறிய நாடோ, ஒன்றுக்கு ஒரு வாக்கு. முக்கிய விஷயங்களுக்கு மூன்றில் இரு பங்கு வேண்டும். பாதுகாப்புச் சபையில் 15 நாடுகள். தீர்மானம் நிறைவேற 9 வாக்குகள் தேவை. நிரந்தர உறுப்பினரான ஐந்து நாடுகளில் ஒன்று எதிர்த்து வாக்களித்தாலும் தீர்மானம் விழுந்து விடும். ஆனால் அந்நாடு வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றால் விழாது. எதிர்ப்பதற்கும் ஒதுங்குவதற்கும் உள்ள இந்த வேறுபாட்டில் பல மாணவர்கள் தடுமாறுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு: ஃபராக்கா

எங்கள் குடியிருப்பில் பதினோராம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணுக்குப் 'பங்களாதேஷ்' என்று சீட்டு வந்தது. விவாதப் பொருள் நதிநீர்ப் பங்கீடு. அவள் தந்தைக்கு அது பிடிக்கவில்லை. "நாம பொழைக்கிற ஊர் துறைமுகத்துக்கு எதிரா இவ பேசணுமா, சார்?" என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். அவர் வேலையே துறைமுகத்தைச் சார்ந்தது.

வட வங்கத்துக்கும் அஸ்ஸாமுக்கும் போகும் ரயில்கள் பலவும் ஃபராக்கா அணையின் மேல்தான் கங்கையைக் கடக்கின்றன. ரயில்வேயில் இருந்தவனுக்கு அது பழகிய இடம் என்பதால், அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து இரு தரப்பையும் எழுதிப் பார்த்தோம்.

இந்தியத் தரப்பு: ஹூக்ளி ஆற்றில் வண்டல் சேர்ந்து கொல்கத்தாத் துறைமுகம் தூர்ந்து வந்தது. கங்கை நீரைச் சுமார் 38 கிலோமீட்டர் கால்வாய் வழியே பாகீரதியில் விட்டு வண்டலைத் தள்ளுவதற்காக ஃபராக்கா அணை கட்டப்பட்டு 1975-இல் இயங்கத் தொடங்கியது.

பங்களாதேஷ் தரப்பு: கோடையில் நீர் குறைந்தால் கீழே உள்ள கிளை ஆறுகள் வறளும், கடலிலிருந்து உப்பு நீர் ஏறி, தென்மேற்கு மாவட்டங்களில் வயலும் குடிநீரும் கெடும். 1976-இல் அந்நாடு இதை ஐ.நா. பொதுச் சபைக்கே கொண்டு போயிற்று. 1977-இல் ஓர் உடன்பாடும், 1996 டிசம்பர் 12-இல் 30 ஆண்டுக் கால ஒப்பந்தமும் ஏற்பட்டன. பின்னதில் அன்றைய மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசுவின் பங்கு பெரிது.

அந்த ஒப்பந்தம் 'சகோதர உணர்வோடு பகிர்ந்து கொள்வோம்' என்று மட்டும் சொல்லி நிற்கவில்லை. ஜனவரி 1 முதல் மே 31 வரை, பத்துப் பத்து நாள் கணக்காக, ஃபராக்காவுக்கு வரும் நீரை இப்படிப் பிரிக்கிறது:

வினாடிக்கு 70,000 கன அடி வரை: ஆளுக்குப் பாதி.
70,000 முதல் 75,000 வரை: பங்களாதேஷுக்கு 35,000, மீதி இந்தியாவுக்கு.
75,000-க்கு மேல்: இந்தியாவுக்கு 40,000, மீதி பங்களாதேஷுக்கு.

பிள்ளைகளே, கணக்குப் போட்டுப் பாருங்கள். 60,000 வந்தால் ஆளுக்கு 30,000. 72,000 வந்தால் பங்களாதேஷுக்கு 35,000, இந்தியாவுக்கு 37,000. 80,000 வந்தால் இருவருக்கும் 40,000. வரத்து 50,000-க்கும் கீழே போனால் இரு அரசுகளும் உடனே கூடிப் பேச வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. மார்ச் 11 முதல் மே 10 வரையான கடும் கோடையில், ஒரு பத்து நாள் விட்டு ஒரு பத்து நாள், மாறி மாறி ஒவ்வொருவருக்கும் 35,000 உறுதி செய்யப்பட்டிருக்கிறது.

யார் அளப்பது? இரு நாட்டாரும் சேர்ந்த கூட்டுக் குழு. எங்கே? ஃபராக்காவிலும், பங்களாதேஷில் உள்ள ஹார்டிங் பாலத்திலும். 1915-இல் திறக்கப்பட்ட அந்த ரயில் பாலம் ஒரு காலத்தில் கல்கத்தாவிலிருந்து வட வங்கம் போன வண்டிகளைச் சுமந்தது.

நல்ல தீர்மானத்தின் இலக்கணம் இதுதான்: எவ்வளவு, எப்போது, யார் அளப்பது, தவறினால் என்ன செய்வது. இந்த நான்கும் இல்லாத தீர்மானம் வெறும் வாழ்த்துரை.

மேல்மடையும் கடைமடையும்

இரு தரப்பையும் எழுதி முடித்ததும் அந்தப் பெண் தன் தந்தையிடம், "அப்பா, காவிரியில நம்ம தாத்தா ஊரு கடைமடைதானே? அங்க நாம கேக்கறதைத்தானே பங்களாதேஷ் இங்க கேக்கறாங்க?" என்றாள். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். சற்று நேரம் பதில் சொல்லவில்லை. பிறகு, "அளக்கற எடம் பிலிகுண்டுலு" என்றார். 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்தபோதும், அந்த நீரை அங்கேதான் அளந்து தர வேண்டும் என்றது.

ஒரே குடும்பம் கங்கைக் கரையில் மேல்மடை. காவிரிக் கரையில் கடைமடை. ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம் போன்றோருக்கு இது எளிதில் விளங்கும். எதிர்த் தரப்பின் கணக்கைத் தெரிந்து கொள்வதால் நம் தரப்பை விட்டுக் கொடுத்தவர்களாகி விட மாட்டோம். அது தெரியாமல் நம் தரப்பைச் சரியாகப் பேசவும் முடியாது.

சில சமயம் பிள்ளைக்கு வரும் சீட்டு வீட்டாரின் மனப் புண்ணைத் தொடலாம். தமிழ்ப் பிள்ளைக்கு 'இலங்கை' என்று வந்தால் சில வீடுகளில் பேச்சே நின்றுவிடும். அப்போது பிள்ளையைக் கடியாதீர்கள். வேறு நாடு கேட்டு வாங்கலாம், அதில் வெட்கமில்லை. ஏற்றுக் கொண்டால், அந்நாட்டரசு ஐ.நா.வில் சொன்னதைச் சபையில் சொல்லட்டும். நடந்தவற்றை வீட்டில் பெரியவர்கள் சொல்லட்டும். இரண்டையும் கேட்டு வளரும் பிள்ளை ஏமாறாது.

தயாராக ஐந்து குறிப்புகள்

1. முதலில் நிலப்படத்தை வையுங்கள். அந்நாட்டின் ஆறு, துறைமுகம், அண்டை நாடுகள் தெரியாமல் பேச்சு எழுத வேண்டாம்.
2. ஒவ்வொரு எண்ணுக்கும் ஆண்டையும், எங்கே படித்தது என்பதையும் ஓரத்தில் குறியுங்கள்.
3. எதிர்த் தரப்பின் சிறந்த வாதத்தை முதலில் எழுதுங்கள். பிறகு உங்கள் பதிலை எழுதுங்கள்.
4. பேச்சை வீட்டில் கடிகாரம் வைத்து உரக்கப் படியுங்கள். ஆங்கில உச்சரிப்பைப் பற்றிக் கூச்சம் வேண்டாம், தெளிவு போதும்.
5. விருதுக்காக மட்டும் போகாதீர்கள். கட்டணம் அதிகம் என்றால் நான்கு குடும்பப் பிள்ளைகள் கூடி ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கூடத்திலேயே இச்சபையை நடத்தலாம். நிலப்படமும் கடிகாரமும் இருந்தால் போதும்.

வீட்டுப் பயிற்சி

மே மாதம் முதல் பத்து நாளில் ஃபராக்காவுக்கு 48,000 கன அடிதான் வருகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். பெற்றோர் பங்களாதேஷாகவும் பிள்ளைகள் இந்தியாவாகவும் உட்கார்ந்து பேசுங்கள். அரை மணி நேரத்தில் இரு தரப்பும் கையெழுத்திடக் கூடிய மூன்று வரிகளை எழுத வேண்டும். மேலே சொன்ன நான்கு கேள்விகளுக்கும் அதில் விடை இருக்கிறதா என்று நீங்களே சரிபாருங்கள்.