பிஎச்பி பாடத்தில் இனக்குழு எப்போது?

பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் பிஎச்பி நிரலைப் பொருள்நோக்கு முறையில் தொடங்கலாமா என்று ஆசிரியர்கள் கேட்பதுண்டு. நான் தொடங்குவதில்லை. முதல் வாரமே இனக்குழு எழுதச் சொன்னால் பலர் கரும்பலகையைப் பார்த்து நகலெடுக்கின்றனர். "இது நமக்கு வராது" என்று ஒதுங்குவோரும் உண்டு. படிவத்தில் தட்டிய பெயர் தரவுத்தளத்தில் சேர்வதை முதலில் அவர்கள் கண்ணால் காண வேண்டும். அதற்குச் செயற்கூறுகளை வரிசையாக அழைக்கும் நடைமுறை நிரலாக்கம் போதும்.

சி++ படித்த மாணவர், பொருள் நினைவகத்தில் தொடர்ந்து இருக்கும் என எண்ணுவர். இணையதளத்தில் பொதுவாக ஒரு பக்கத்தை அனுப்பி முடித்ததும் பிஎச்பி பொருளும் மறைந்துவிடும், நிலைப்பது தரவுத்தளமே. ஆகவே ஒற்றைப் படிவத்துக்கு இனக்குழுவால் பெரிய பயனில்லை.

பள்ளி நூலகத்துக்குத் தளம் அமைக்கும்போது நிலைமை வேறு. வெளியே போன நூலை மறுபடி வழங்கவும் கூடாது, பட்டியலிலிருந்து நீக்கவும் கூடாது. வழங்கும் கோப்பில் இந்த விதியை எழுதும் மாணவர், நீக்கும் கோப்பில் மறந்துவிடுவார். அப்போதுதான் 'நூல்' என்ற இனக்குழுவை அறிமுகப்படுத்துகிறேன்: நூலின் நிலை பிரைவேட், அதை மாற்றும் வழி உள்ளிருக்கும் செயற்கூறுகள் மட்டுமே. (இதனால் தளம் பாதுகாப்பாகிவிடாது, உள்ளீட்டைச் சரிபார்ப்பது இரு முறையிலும் கட்டாயம்.)

பழைய நிரலைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. மைஎஸ்க்யூஎல்ஐ இரு முறையிலும் இயங்கும். மைஎஸ்க்யூஎல்ஐ_கனெக்ட் திருப்பித் தருவதே ஒரு பொருள்தான். மாணவர் அதை முதல் நாளிலிருந்தே பயன்படுத்தி வருகின்றனர்.