தானே கூவும் பெடல்

கேள்வி: பாஸ் கிதாருடன் ‘ஃபஸ் ஃபேக்டரி’ என்னும் ஒலிச்சிதைவுப் பெடலை இணைத்து வாசித்துப் பார்த்தேன்; கையெடுத்த பின்னும் ஊளையிட்டது. பழுதோ?

பதில்: பழுதன்று. மினியாபொலிஸ் நகரத்து ஸீவெக்ஸ் நிறுவனத்தார் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களைக் கொண்டு அமைத்த அப்பெட்டியில், வெளிப்படும் சமிக்ஞையின் ஒரு பகுதி மீண்டும் உட்புகுந்து சுழல்வதால், தந்தியைத் தீண்டாதபோதும் கூவுவது அதன் சுபாவம். ‘ஸ்டேப்’ குமிழைத் திருகி மின்னழுத்தத்தைக் குறைக்கக் குறைக்க அக்கூவலின் சுருதி விசித்திரமாக மாறும். ‘கேட்’ குமிழை வலப்புறம் திருப்பினால், வாசிப்பு நின்றதும் அடங்கும். நான்கு தந்தி பாஸின் மிகத் தாழ்ந்த சுருதித் தந்தி விநாடிக்குச் சுமார் 41 முறை அதிர்வது. அத்தாழ்ந்த நாதத்தின் கனத்தை இக்கூச்சல் விழுங்கிவிடக்கூடுமாதலால், பிளெண்டர் என்னும் ஒலிக்கலப்புப் பெட்டி ஒன்றினால் தூய நாதத்தையும் உடன் கலந்து, ஆம்ப்ளிஃபையரின் சத்தத்தை முதலில் வெகுவாகத் தணித்துவைத்துப் பரீட்சிப்பது உத்தமம். மேடையில் குனிந்து குமிழ் திருகுவது, என் அபிப்பிராயத்தில், விபரீதம்!