உணவிலும் அமானிதம் உண்டு

ரமலான் வந்துவிட்டால் அரியலூர் வட்டாரப் பள்ளிவாசல்களில் அஸர் நேரத்திலேயே நோன்புக் கஞ்சி மணக்கத் தொடங்கிவிடும். நமக்குத் தெரிந்த வாலிபர் ஒருவர் அக்கஞ்சியைத் தொடாமல், பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டே நோன்பு திறப்பார். அவருக்கு வெந்தயம் ஒவ்வாது. உட்கொண்டால் உதடு வீங்கி மூச்சு முட்டும். “பரக்கத்தான கஞ்சியை ஒதுக்கலாமா?” என்று சிலர் முகம் சுளித்ததைக் கண்டோம். இதில் மார்க்கம் காட்டும் வழி என்ன?

நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள். பொரித்த உடும்பு வைக்கப்பட்டபோது அவர்கள் உண்ணவில்லை. அதே விரிப்பில் காலித் பின் வலீத் (ரலி) உண்டார்கள். எனவே ஆகுமாக்கப்பட்ட அனைத்தையும் எல்லோரும் உண்டே தீரவேண்டும் என்பதில்லை. உணவு ஹலாலாக இருப்பதுடன் ‘தய்யிப்’ ஆகவும் இருக்கவேண்டும் என்கிறது திருமறை (2:168). தம்மைத் தாமே அழிவில் போட்டுக்கொள்வதையும் அது தடுக்கிறது (2:195). ஆகவே ஒவ்வாததை விலக்குவது பலவீனமல்ல, கடமை.

ஆனால், பொட்டலத்தில் என்ன இருக்கிறதென்று எப்படி அறிவது? நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு உணவு லேபிள் விதிகள், ஒவ்வாமை தருபவை என்று கோதுமை போன்ற தானியங்கள், இறால்-நண்டு வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலை மற்றும் கொட்டைப் பருப்புகள், சோயா, சல்பைட் ஆகியவற்றைக் குறிப்பிடச் சொல்கின்றன. கடுகு, எள், வெந்தயம் அப்பட்டியலில் இல்லை. பல சரக்குகளை ‘மசாலாப் பொருட்கள்’ என்ற ஒரே சொல்லில் அடக்கவும் இடமுண்டு. ஐரோப்பிய ஒன்றியத்திலோ கடுகையும் எள்ளையும் தெரிவித்தாக வேண்டும். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கலாம் என்பதையும் பலர் அறியார். ஹலால் முத்திரையோ பச்சைப் புள்ளியோ இவற்றைச் சொல்லாது.

சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபியவர்கள், அடியில் ஈரம் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கேட்டார்கள். மறைத்து விற்பவர் நம்மவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். மசாலா அரைத்து விற்கும் சகோதரர்கள் இதைச் சிந்திக்கட்டும். சரக்குகளின் பெயர்களை முழுமையாக எழுதுவதும் அமானிதமே.

நாம் செய்யவேண்டியவை சில. ஒவ்வாமை உள்ள வீட்டில் மசாலாவை முழுச் சரக்காக வாங்கி அரைப்பது நலம். விருந்தில் சமைப்பவரிடம் முன்கூட்டியே கேட்பதில் வெட்கம் வேண்டாம். கடுகின் ஒவ்வாமை சூட்டிலும் எளிதில் நீங்காது; ஆதலால் தாளித்ததை எடுத்துவிட்டுப் பரிமாறுவது போதாது. பள்ளிவாசலில் கஞ்சிச் சட்டிக்கு அருகே சேர்மானங்களை எழுதிவைக்கலாம். மூச்சுத் திணறினால் தாமதமின்றி 108ஐ அழைக்கவேண்டும். நோன்பு நேரமாயினும் மருந்தைத் தள்ளிப்போடலாகாது. நோயாளி பின்னர் களாச் செய்துகொள்ள மார்க்கம் இடமளித்துள்ளது (2:184).

விருந்தாளியை வற்புறுத்தாத பண்பையும், விற்பதை மறைக்காத நேர்மையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.